இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டிப் பழகுபவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் காலடியில். பழக வருபவர்கள் முதல் பிரேக்கை மறந்துவிடுவார்கள். மறக்கட்டும், பழகத்தானே வருகிறார்கள். இரண்டாவது பிரேக்கை மறக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாய்ப்பேச்சில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வண்டி நிற்பது என் வாயால் அல்ல, வலது காலால்.

அந்தக் கால் ஒரு நாள் காலையில் தாமதமாக வந்தது.

அன்றைக்கு ஸ்டீயரிங் பிடித்தவர் ஒரு பேக்கரிக்காரர். நல்ல உயரம், நல்ல பருமன், பயந்த சுபாவம். ஸ்டீயரிங்கை மாவு பிசைவதுபோல் இதமாகத் தொடுவார். கையில் இருக்கிற பக்குவம் காலில் கிடையாது. அடுப்படியில் நிற்பதைத் தவிர அவருடைய காலுக்கு வேறு வேலையே இருந்ததில்லை. தபால் ஆபீஸ் திருப்பத்தில் வண்டியை ஒடித்தவர், ஒடித்ததைத் திருப்பி நேராக்க மறந்துவிட்டார். எதிரே ஒரு வீட்டு வாசலில் இடுப்புயரத்துக்குப் பச்சைக் குப்பைத்தொட்டி. "பிரேக்!" என்று கத்தினேன். வாய் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. காலுக்குச் செய்தி போய், அது ஆற அமர யோசித்து, சரி கிளம்பலாம் என்று கிளம்புவதற்குள் தொட்டி தெருவில் உருண்டுகொண்டிருந்தது.

"நல்ல வேளை, தொட்டி" என்றார் பேக்கரிக்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அவர் சும்மாதான் சொன்னார். எனக்கு அது வேறுமாதிரி கேட்டது. தொட்டி நின்ற இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால்? ஸ்கூலுக்குத் திரும்பியதும் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் பழைய லாரி டிரைவர். பேச்சு அளந்துதான் வரும்.

"கால்ல என்ன?"

"தைராய்டு."

"தைராய்டு கழுத்துலல்ல இருக்கு?"

"இருக்கிறது கழுத்துல. வேலையைக் காட்டுறது கால்ல."

அவர் கொஞ்ச நேரம் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். "ரத்தம் சரியாகட்டும். அதுவரைக்கும் தியரி கிளாஸ் எடுங்க. சரியாகலைன்னா தியரியிலயே இருந்துடுங்க. ஆபீஸ் வேலையும் வேலைதான்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தியரி கிளாஸ் என்றால் பின்னறையில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து, சுவரில் மாட்டிய படத்தைக் குச்சியால் தொட்டு, இது வளைவு, இது மேடு என்று சொல்வது. வளைவைப் படத்தில் காட்டிப் பிழைக்கவா நான் இந்த வேலைக்கு வந்தேன்? நடுங்கிக்கொண்டு வருகிற ஒருத்தி கடைசி நாளில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, முழங்கையை வெளியே நீட்டப் பார்த்து, என்னிடம் திட்டு வாங்குவாள் இல்லையா, அதைப் பார்ப்பதற்குத்தான் வந்தேன். அந்த சீட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உடைந்த தொட்டிக்குப் பதிலாக ஒரு புதுத் தொட்டியை என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் வைத்தார். அவர் கடையிலேயே எடுத்தது. அவருக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. இந்தக் கதையில் பாதித் தகராறு அங்கிருந்துதான் கிளம்பியது, அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தைராய்டு என்பது புது சமாசாரம் இல்லை. தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது. என்னுடையது உட்கார்ந்து சாப்பிடுகிற ஜாதி. அது செய்யாத வேலையைச் செய்யத் தினமும் விடிந்ததும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான். பல வருஷமாக அந்த மாத்திரையும் நானும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருந்தோம். கழுத்து வலியும் தூக்கம் கெடுவதும் மட்டும் போகவில்லை. அதற்காகத்தான் நாத்தனாரிடம் போனேன்.

என் வீட்டுக்காரருடைய தங்கை மாற்று வைத்தியம் செய்கிறாள். ஊசி குத்துவாள், மூலிகை தருவாள், மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவாள். வீட்டில் அவளுக்குப் பெயரே ஊசிதான். அந்தப் பெயர் அவள் படிப்பதற்கு முன்பே வந்தது, வாய் அப்படி. கல்யாணமான புதிதில் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று குத்த, நடுவில் அவளுடைய அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துபோவார்.

அவளுடைய வைத்தியசாலை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் கட்டில், ஒரு மேசை விளக்கு. பின்னறையில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கரும்பழுப்பு பாட்டில்கள். அந்தப் பக்கத்து ஜன்னலுக்குக் கனமான திரை. முதல் நாள் புழுக்கமாக இருக்கிறதே என்று நான் அந்தத் திரையை விலக்கப் போக, முன்னறையிலிருந்து ஒரு கூச்சல்.

"அண்ணி! திரையை மூடுங்க! வெளிச்சம் பட்டா இலையெல்லாம் செத்துப்போகும். அப்புறம் அது மருந்து இல்ல, சருகு."

"ஏற்கெனவே செத்து உலர்ந்த இலைதானே?"

"நீங்க வண்டி ஓட்டுறதைப் பத்தி நான் ஏதாவது பேசினேனா?"

மூடினேன். கட்டிலில் படுத்தேன். உண்மையைச் சொன்னால், அவள் கை பட்டதும் கழுத்து லேசானது. அன்று பகலில் அப்படியொரு தூக்கம் தூங்கினேன். பிறகு வாரம் ஒரு முறை போனேன். ஊசி முதுகில் இருந்ததாலோ என்னவோ, பேச்சில் அவள் குத்துவது குறைந்தது. அவள் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்.

"டாக்டர் கொடுக்கிற மாத்திரையை மட்டும் நிறுத்தினீங்கன்னு வச்சுக்கங்க, நான் உங்களுக்கு வைத்தியரும் இல்ல, நாத்தனாரும் இல்ல. என் வேலை அதுக்குத் துணையா நிக்கிறது. கஷாயம்கூட மத்தியானத்துக்கு மேலதான்."

அதோடு விட்டிருந்தால் எங்கள் வீட்டில் அமைதி நிலவியிருக்கும். ஒரு நாள் பிளாஸ்டிக்கைப் பற்றி ஆரம்பித்தாள்.

"சில கெமிக்கல் இருக்கு அண்ணி. நம்ம ஹார்மோன் மாதிரியே வேஷம் கட்டிக்கிட்டு உள்ள போய் உக்காந்துக்கும். நிஜ ஹார்மோன் வந்தா இடம் இல்லன்னு அனுப்பிடும்."

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரியா?"

"அதேதான். பிளாஸ்டிக் டப்பாவுல சூடா சாப்பாடு வைக்கிறது, கீறல் விழுந்த பழைய டப்பாவையே தேய்ச்சுத் தேய்ச்சு வச்சிருக்கிறது, வண்டிக்குள்ள வாசனைக்கு எதையாவது அடிச்சுக்கிட்டே இருக்கிறது, இதையெல்லாம் குறைங்க. உங்களுக்குத் தைராய்டு வந்தது அதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். யாராலயும் அப்படிச் சொல்ல முடியாது. குறைச்சுக்கிட்டா நல்லது, அவ்வளவுதான்."

அவள் அவ்வளவுதான் என்று முடித்தாள். நான் அங்கேதான் தொடங்கினேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. வண்டியில் தொங்கிய வாசனை அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் இல்லாத பொருள் என்றால் நானும் அவரும்தான். சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, குடம், முறம், கரண்டி, வடிகட்டி, எல்லாம் கடையிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றாக வாசலுக்குப் போனது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்த மனுஷன், தன் கடையே வாசலில் குவிந்து கிடப்பதைப் பார்த்தார்.

"என்ன இது, கிளை திறந்திருக்கியா?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு சொன்னா?"

"உங்க தங்கச்சி."

"அவளைப் படிக்க வச்சதே இந்த பிளாஸ்டிக்தான்னு அவகிட்ட சொல்லு."

அன்று தொடங்கிய பனிப்போர் பல வாரம் ஓடியது. அவர் காலையில் ஒரு பிளாஸ்டிக் ஜக்கை உள்ளே கொண்டுவருவார், நான் மாலையில் வெளியே வைப்பேன். இருவருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் காலையில் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தபோது, மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தவள் அதை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன். நூறு மாத்திரை கொள்ளும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா.

"பாருங்க! என் மருந்துகூட பிளாஸ்டிக்லதான் கிடக்கு! இந்த வீட்டுல எனக்கு விமோசனமே இல்ல!"

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நான் சொன்னதையெல்லாம் நான் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவர் வைத்துக்கொள்வார்.

மறுநாள் விடிந்து சமையலறைக்குப் போனால், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கண்ணாடியிலேயே உருண்டைப் பிடி வைத்த மூடி. உள்ளே என் மாத்திரைகள். காலை வெயில் அதற்குள் நுழைந்து, அவை முத்துமாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

"எழுந்ததும் உன் கண்ணுல படணும்னுதான் ஜன்னல்ல வச்சேன்" என்றார், அந்தப் பக்கமே பார்க்காமல். "டப்பாக்குள்ள ஒரு சின்னப் பொட்டலம் வேற கிடந்தது. சாப்பிடாதேன்னு போட்டிருந்தான். அதுவும் கெமிக்கல்தான் போலிருக்குன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

அந்த ஜாடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் கடைக்கு நேர் எதிரே கண்ணாடிச் சாமான் கடை. அந்தக் கடைக்காரரும் இவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதே இல்லை. வாடிக்கையாளர் யார் பக்கம் திரும்புகிறார் என்று இரண்டு பேரும் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்டவர் பட்டப்பகலில், தெருவே பார்க்க, அந்தப் படி ஏறிப்போய், வாயெல்லாம் பல்லாக நின்ற அந்த ஆளிடம் ஒரு ஜாடி கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்காக. அன்று நான் சண்டை போடவில்லை. வாசலில் கிடந்த முறத்தை நானே உள்ளே எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நல்ல காலம். அவர் தன் கடையில், டப்பா அடுக்கியிருக்கும் தட்டுக்கு மேலே, "சூடான சாப்பாடு வைக்க வேண்டாம்" என்று ஒரு அட்டையே எழுதி மாட்டினார். வியாபாரம் படுத்துவிடும் என்று நான் பயந்தேன். ஜனங்கள் மனுஷன் உண்மையைச் சொல்கிறார் என்று வாளி, கூடை, தொட்டியெல்லாம் அவரிடமே வாங்கினார்கள்.

உடம்புதான் காலை வாரியது. கொஞ்சம் கொஞ்சமாக, எனக்கே தெரியாமல். முதலில் சாயங்காலத்தில் அசதி. பிறகு காலையிலேயே அசதி. மற்றவர்கள் விசிறி தேடுகிற நேரத்தில் நான் போர்வை தேடினேன். தலைமுடி சீப்போடு வந்தது. பேச்சுகூட இழுத்தது, எனக்கா இப்படி என்று ஸ்கூலில் ஆச்சரியப்பட்டார்கள். அப்புறம்தான் அந்தத் தொட்டி.

என் டாக்டரம்மா என்னை நாற்காலியில் முழங்கால் போட்டு நிற்கச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. பழைய இடத்துக்குத் திரும்பத்தான் அதற்கு மனசே இல்லை.

"பாருங்க, எவ்வளவு சோம்பலா திரும்புது" என்றார். ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. மாத்திரையின் அளவைக் கூட்டினார். புது டப்பா வாங்கி வந்தோம். அதை என் வீட்டுக்காரர் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, ஒன்றுகூடக் கீழே விழாமல் ஜாடிக்கு மாற்றினார். பழைய மாத்திரைகளைத் தனியே எடுத்துப் போட்டார். அவ்வளவு கவனம் அவருக்கு.

நான் தியரி கிளாஸில் குச்சி பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பேக்கரிக்காரர் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். வேறு யாரிடமும் பழகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். "நீங்க திட்டாம ஓட்டினா எனக்கு வண்டி ஓட்டுற மாதிரியே இல்ல" என்பார். ஜன்னல் வழியாக ஸ்கூல் கார் கிளம்புவது தெரியும். கிளட்சை வெடுக்கென்று விடுகிற சத்தம் கேட்டால் என் வலது கால் பெஞ்சுக்கு அடியில் தானாக அழுந்தும், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த பரிசோதனையும் உதட்டைப் பிதுக்கியது. டாக்டரம்மாவுக்கே குழப்பம். வெறும் வயிற்றில்தானே? ஆமாம். காபி? ஒரு மணி நேரம் கழித்து. மறந்துபோன நாள்? இல்லவே இல்லை. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை? கிடையாது.

"வேற என்ன சாப்பிடுறீங்க?"

கஷாயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க நாத்தனாரை நான் குறை சொல்லல. ஆனா அதுல ஏதோ ஒண்ணு மாத்திரையை உடம்புல சேரவிடாம தடுக்கலாம். கொஞ்ச நாளைக்கு அதை நிறுத்திப் பாப்போம்."

நியாயம்தான். ஆனால் அதைப் போய் ஊசியிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறோம். உன் மருந்துதான் என் காலைப் பிடித்து இழுக்கிறது என்று சொன்னால், பழையபடி ஆகிவிடும். கஷாயத்தை நிறுத்தினேன், அவளிடம் மூச்சு விடவில்லை. அந்த வாரம் வேலை அதிகம் என்று சொல்லி வைத்தியத்துக்கும் போகவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் வயிற்றில் ரகசியம் தங்காது என்பதை எப்படி மறந்தேனோ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே வந்து நின்றாள். எங்கள் வீட்டுக்கு அவள் வந்து மாசக்கணக்காகிறது, எப்போதும் நான்தான் போவேன். முகம் வாடியிருந்தது. உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, அண்ணன் சொல்லிட்டாரு. நீங்க ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்."

"உங்க கால் சரியாகாம போனா நான் வருத்தப்படமாட்டேனா? நான் கொடுத்ததுதான் தடுக்குதோன்னு நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. கஷாயம், ஊசி, எல்லாத்தையும் நிறுத்திடுவோம். எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க மறுபடி வண்டியில உக்காரணும், அதுதான் முக்கியம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். அழுகையை மறைக்க இரண்டு பேருக்குமே வேறு வழி தெரியாமல், அவள் "டீ போடுறேன்" என்று சமையலறைக்குள் போனாள். தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணி, இங்க வாங்க."

போனேன். பாத்திரத்திலிருந்து ஆவி கிளம்பி ஜன்னலில் மோதிக்கொண்டிருந்தது. வெயில் நேராக உள்ளே விழுந்தது. அவள் ஜாடியையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன, மிட்டாயா?"

"என் மாத்திரை."

"எப்போலேருந்து இங்க இருக்கு?"

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. "உங்க அண்ணன் வாங்கி வச்சது. பிளாஸ்டிக்ல வேண்டாம்னு."

"வெயில்லயா?" அவள் குரல் உயர்ந்தது. "அடுப்புப் பக்கத்துலயா? ஆவியிலயா? என் அலமாரிப் பக்கத்துத் திரையைத் தொட்டதுக்கே நான் உங்களைக் கத்தினேனே அண்ணி! என் இலையே வெளிச்சத்துல செத்துப்போகும்னா, இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதா? டப்பா எங்க? அது எதுக்கு உள்ள தெரியாத மாதிரி வெள்ளையா இருந்துச்சுன்னு நினைச்சீங்க?"

கடைசியாக வாங்கிய டப்பா காலியாகப் பரணில் கிடந்தது. தேடி எடுத்துவந்து, ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்தில் இருந்ததை அவள் உரக்கப் படித்தாள். வெளிச்சம் படாமல், ஈரம் படாமல், சூடு படாமல் இந்த டப்பாவிலேயே வைக்கவும். இத்தனை வருஷமாக என் தலைமாட்டிலேயே இருந்த எழுத்து. தெருவில் நட்ட பலகைகளை ஒன்று விடாமல் பழக வருபவர்களுக்குச் சொல்லித்தருகிற நான், இதை ஒரு நாள்கூடப் படித்ததில்லை.

சமையலறை வாசலில் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. கையில் இருந்த செய்தித்தாள் தொங்கிப்போய்விட்டது.

"நானா?" என்றார். "நானா உன் காலைக் கெடுத்தேன்?"

என் கோபத்தை எல்லோரும் அறிவார்கள். அன்றைக்கு அது கிளம்பத்தான் கிளம்பியது. மாசக்கணக்கில் அசதி, போர்வை, சீப்பில் வந்த முடி, பின்னறையில் குச்சி, எல்லாம் சேர்ந்து தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது அந்த ஜாடி கண்ணில் பட்டது. எதிர்க்கடைப் படியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏறியது மனசில் வந்தது. வந்த கோபம் சிரிப்பாக வெளியேறியது. நான் சிரித்ததைப் பார்த்து ஊசி சிரிக்க, அவர் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க இல்ல" என்றேன். "டப்பாவை உங்க மூஞ்சிக்கு நேரே ஆட்டினது யாரு?"

"கெமிக்கல்னு சொல்லி ஆரம்பிச்சு வச்சது யாரு?" என்றாள் ஊசி.

"ஈரத்தை உறிஞ்சுற அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டது நான்தானே" என்றார் அவர், தன் பங்கை விட்டுக்கொடுக்க மனசில்லாமல்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "எப்போ சாப்பிடுறீங்க, எதோட சாப்பிடுறீங்கன்னு அத்தனையும் கேட்டேன். எங்க வச்சிருக்கீங்கன்னு கேக்கத் தோணல பாருங்க. இதுதான் முழுக் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வெயில், சூடு, ஈரம் மூணும் இந்த மாத்திரைக்கு ஆகாது. புது டப்பாவுல, பழைய அளவுலயே ஆரம்பிப்போம். கஷாயம் இப்போதைக்கு வேண்டாம்." கூட வந்திருந்த ஊசியைப் பார்த்து, "கழுத்துக்கு ஊசி போடுறது, மூச்சுப் பயிற்சி, அதெல்லாம் தாராளமா நடக்கட்டும்" என்றார். ஊசி எழுந்து நின்று கும்பிடாத குறை.

புது டப்பா படுக்கையறை அலமாரிக்குள் போனது. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பொட்டலத்தோடு. அதைச் சுற்றி என் வீட்டுக்காரர் தன் கடையிலிருந்து கொண்டுவந்த இருட்டு நிறப் பெட்டி ஒன்று. அதுவும் பிளாஸ்டிக். அதை உள்ளே கொண்டுவரும்போது அவர் நடையைப் பார்க்க வேண்டுமே! நானே அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

உடம்பு போன வழியிலேயே திரும்பி வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் போர்வை போனது. பிறகு வாய் வந்தது, அதற்கு வீட்டில் சாட்சி இருக்கிறார்கள். அடுத்த பரிசோதனையில், ரத்தத்தில் ஏறிக் கிடந்த டி.எஸ்.எச். எண் இறங்கியது, அதற்கடுத்ததில் இருக்கவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. டாக்டரம்மா சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளி, துள்ளின வேகத்திலேயே திரும்பியது. நான் நாற்காலியில் முழங்கால் போட்டபடியே, இன்னொரு முறை தட்டச் சொன்னேன்.

முதலாளி ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "பேக்கரிக்காரர் வெளியில நிக்கிறார்" என்றார்.

நின்றார், பாவம், மாவு படிந்த சட்டையோடு. சீட்டில் உட்கார்ந்ததும் வலது காலை இரண்டாவது பிரேக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்துவிட்டமாதிரி இருந்தது. "கண்ணாடியைப் பாருங்க. பெல்ட் போடுங்க. மூச்சு விடுங்க, அதையும் நானே சொல்லணுமா?" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனது.

அதே தெரு. அதே தபால் ஆபீஸ் திருப்பம். ஒடித்தார், நேராக்கினார், நான் சபாஷ் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த வீட்டு வாசலிலிருந்து, பச்சைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து, கைக்குழந்தை உட்கார்ந்த தள்ளுவண்டியோடு ஒரு பெண் தெருவில் இறங்கினாள், எங்களைப் பார்க்காமல்.

நான் "பிரேக்" என்று சொல்லவே இல்லை. சொல்ல நேரமில்லை. வண்டி நின்றுவிட்டது. முன்னால் சாய்ந்த பேக்கரிக்காரர் தன் காலைக் குனிந்து பார்த்தார். அது இன்னும் கிளம்பவே இல்லை. பிறகு என் காலைப் பார்த்தார்.

அந்தப் பெண் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு சாவகாசமாகக் கடந்தாள். உள்ளே குழந்தை தன் சாக்ஸைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தது. அது எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கால் பெடலை அழுத்தியது அழுத்தியபடியே இருந்தது, எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"அழுறீங்களா?" என்றார் பேக்கரிக்காரர்.

"ரோட்டைப் பாருங்க" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் ஜன்னலருகே நின்றிருந்தார். மாத்திரை போன பிறகு அந்த ஜாடியை என்ன செய்வது என்று தெரியாமல் சர்க்கரை போட்டு வைத்திருக்கிறோம். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"எப்படிப் போச்சு? புதுத் தொட்டி ஏதாவது எடுத்து வைக்கணுமா?"

"வேண்டாம்" என்றேன். "தொட்டி வச்ச இடத்துலயே நிக்குது."

அவர் கரண்டி ஜாடிக்கும் டம்ளருக்கும் நடுவில் அப்படியே நின்றது. பிறகு சர்க்கரையைப் போட்டு, வெகுநேரம் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒரு வியாபாரம் போச்சு" என்றார்.